உஸ்தா ஷுக்ரியின் மூன்று விரல்கள்

அப்பாவின் நாற்பதாம் நாள் அன்று ட்ராம் தொழிலாளர் மன்றத்தில் என் தம்பி அஷ்ரஃப் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தான். நேர்மையானவர், ஐந்து வேளையும் தொழுதவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர் என்று இரண்டு பக்கம். எல்லோரும் தலையாட்டினார்கள். துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பியைக் குடித்தார்கள். எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் காகிதத்தில் பெயரை மாற்றினால் எங்கள் பாகோஸ் தெருவில் போகிற எந்தப் பெரியவரைப் பற்றியும் படிக்கலாம். அதிலும் குரல் உயர்த்தாதவர் என்பது சுத்தப் பொய். ட்ராம் ஓட்டுகிறவர்களை மரியாதையாக உஸ்தா என்பார்கள்; உஸ்தா ஷுக்ரி, அதாவது எங்கள் அப்பா, வாய் திறந்தால் வண்டிக்கு மணி எதற்கு என்று டெப்போவிலேயே கேட்பார்கள்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் தபால் ஆபீஸ் கவுன்டரில் முத்திரை குத்துகிறவள். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

அப்பா அலெக்சாந்திரியாவின் ரமல் பாதையில் முப்பத்தாறு வருடம் ட்ராம் ஓட்டினார். அதற்கு முன்பு டெப்போவில் எடுபிடி. அந்த நாளில் இரண்டு பெட்டிகளை இணைக்கும் கொக்கி அவருடைய வலது கையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் கொண்டுபோய்விட்டது. காயம் ஆறியதும் நேராக ஓட்டுநர் தேர்வுக்குப் போய் நின்றிருக்கிறார். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை, இந்த ஆள் விடமாட்டான் என்று தெரிந்து சீருடையைக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்பது வயது, அஷ்ரஃபுக்கு நான்கு வயது ஆனபோது அம்மா இறந்தாள். மூன்று மாதம் கழித்து அத்தை ஒரு விதவைப் பெண்ணின் முழுப் பட்டியலே கையில் இருப்பதுபோல அவளுடைய குணம், சமையல், குடும்பம் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஷுக்ரி, ஆம்பளைக்கு வேணாம்னாலும் சரி, இந்தப் பொண்ணுக்குத் தலை பின்னி விடவாவது ஒருத்தி வேணாமா?"

"தலை பின்றதுக்கா கல்யாணம்? எங்க, அந்தச் சீப்பை எடு" என்றார் அப்பா.

அன்று அத்தை முன்னாலேயே பின்ன ஆரம்பித்தார். மூன்று விரலும் ஒரு முழுக் கையுமாக அவர் இழுத்துப் பின்னினால் என் புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும். "என்ன நஜ்லா, எப்பப் பாத்தாலும் ஆச்சரியமா பாக்குற?" என்று டீச்சர் கேட்பார். எனக்குப் பதினான்கு வயதாகும்வரை, காலை ஷிப்டோ மாலை ஷிப்டோ, பின்னாமல் ஒரு நாளும் என்னைப் பள்ளிக்கு அனுப்பியதில்லை. மறுபடி கல்யாணப் பேச்சை எடுக்க அத்தைக்கு வாய் வரவேயில்லை.

இனி என் மகள் ரிஹாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லாமல் அப்பாவைச் சொல்ல முடியாது.

ரிஹாமுக்கு ஒன்றரை வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைத்தாள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் என் கையிலிருந்து பித்தளைத் தட்டு தரையில் விழுந்து உருண்டது. பக்கத்து வீட்டுப் பூனை ஓடியது. ரிஹாம் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை எடுத்து மறுபடி போட்டேன். மறுபடியும் போட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் மெத்ஹத் அப்போது குவைத்தில் வேலையில் இருந்தார். மாமியார் தமன்ஹூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "வெளிய தெரிய வேணாம். நாளைக்கு இதுக்குத் தங்கச்சி பொறந்தா அவளுக்கும் மாப்பிள்ளை கெடைக்கணும்ல?" என்றார். நான் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினேன். காதில் மாட்டும் கருவி ஒன்றும் எடுபடவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த ஒரு அம்மாள், "கையால ஜாடை காட்ட விடாதீங்க. அப்புறம் வாயைத் திறக்கவே சோம்பல் படுவா" என்றார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ரிஹாமை மடியில் உட்கார்த்தி, தாடையைப் பிடித்து என் வாயைப் பார்க்க வைப்பேன். "சொல்லு. மா... மா." அவள் கண்ணில் நீர் முட்டும்வரை விடமாட்டேன். மூன்று வருடம் இதையே செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

அவளுக்கு நாலரை வயதில் ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். மெத்ஹத் வெளிநாட்டில் இருந்ததால் நானும் ரிஹாமும் அப்பா வீட்டில்தான் இருந்தோம். அன்று மீன் குழம்பும், வெங்காயம் வதக்கிச் சமைத்த பழுப்புச் சோறும் சாப்பிட்டோம். சாப்பிட்டு எழுந்ததிலிருந்து ரிஹாம் அழ ஆரம்பித்தாள். தண்ணீர் கொடுத்தால் தள்ளினாள். பொம்மை கொடுத்தால் வீசினாள். அடம் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன். அவள் தன் கையையே கடித்துக்கொண்டாள். பல் பதிந்து ரத்தம் கட்டியது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அழுதாள். கடைசியில் அப்பாதான் அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய் வாயைத் திறந்து பார்த்தார். தொண்டையில் மீன் முள்.

மருந்துக் கடைக்காரர் இடுக்கியால் எடுத்துவிட்டார். குழந்தை அப்பா தோளிலேயே தூங்கிப்போனது. அவள் கையிலிருந்த பல் தடத்தைத் தடவிக்கொண்டே அப்பா சொன்னார்.

"நஜ்லா, முள்ளு குத்துதுன்னு சொல்ல முடியாம மூணு மணி நேரம் அழுதிருக்கா. நாம ரெண்டு பேரும் பக்கத்துலயே இருந்திருக்கோம்."

"அதுக்குத்தான்ப்பா பேச வைக்கப் பாக்குறேன்."

"நீ பாத்தது போதும். இனிமே நான் பாக்குறேன்."

அப்பாவுக்கு ஒரு காப்பிக் கடையைத் தெரியும். ரமல் ஸ்டேஷனில் ட்ராம் நிற்கும் சில நிமிடங்களில் எதிர்ச் சந்தில் அது கண்ணில் படும். உள்ளே இருக்கிறவர்கள் வாய் பேசாமல் கையாலேயே சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். காது கேளாதவர்கள் கூடும் கடை. இருபது வருடமாக ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறார். மறுநாள் காலை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு அங்கே போய்விட்டார்.

பத்துப் பன்னிரண்டு பேர் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்களாம். அப்பா நடுவில் நின்று, இருக்கிற குரலையெல்லாம் திரட்டி, "எனக்கு உங்க பேச்சைக் கத்துக்குடுங்க!" என்று கத்தியிருக்கிறார். ஒருவரும் நிமிரவில்லை. கடைக்காரருக்கு மட்டும் காது கேட்கும். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உஸ்தா, தண்டவாளத்துல நிக்கிற கழுதையை வெரட்டுற மாதிரி வெரட்டுறீங்களே! இவங்க முன்னாடி கத்துனா என்ன, பாடுனா என்ன? போய்த் தோள்ல தட்டுங்க."

அப்பா தட்டிய தோள் நஸீம் என்ற தச்சருடையது. அவர் திரும்பிப் பார்த்தார். அப்பாவின் வலது கையைப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். கடையே சிரித்தது.

"என்ன சொல்றாரு?"

"கோவிச்சுக்காதீங்க உஸ்தா. கத்துக்க வந்த ஆளுக்கு வாயே பாதிதான் இருக்குங்கறாரு."

"சரியாத்தான் சொல்றாரு. அந்தப் பாதியை வச்சே ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் அப்பா.

அவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்ட சொல் முள். பிறகு வலி, தண்ணீர், பசி, பயம். தினமும் காலை ஒன்பது மணிக்குப் போவார், மதியம் லுஹர் தொழுகைக்குத் திரும்புவார். வரும் வழியில் ட்ராமில் உட்கார்ந்து தனியாகக் கையை ஆட்டிப் பயிற்சி செய்வார். அஷ்ரஃப் கெய்ரோவிலிருந்து எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? காத்துல ஈ ஓட்டிக்கிட்டே போறாருன்னு டெப்போ ஆளுங்க சொல்றாங்க. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

இரண்டாம் வாரத்திலிருந்து எனக்குச் சொல்லாமல் ரிஹாமையும் கூட்டிப் போயிருக்கிறார். நான் ஆபீஸ் போகும்போது அவளை அவரிடம்தான் விட்டுப்போவேன். எனக்கெப்படித் தெரியும்? அங்கே அவளுக்கு ஒரு தனி நாற்காலி, ஒரு கோப்பை சோம்புக் கஷாயம். அப்பா ஒரு சொல்லை ஐந்து நாள் உருப்போடுவார். அவள் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வாள். பத்தாம் நாளே அவருடைய தப்பைத் திருத்த ஆரம்பித்துவிட்டாளாம். நஸீம் அவளை டோமினோ பலகைமேல் தூக்கி வைத்து, இதோ உங்கள் வாத்தியார் என்று அப்பாவுக்குக் காட்டியிருக்கிறார்.

எனக்கு விஷயம் தெரிந்தது மூன்று மாதம் கழித்து. அன்று மாலை வழக்கம்போல அவளை மடியில் இழுத்து உட்கார்த்தினேன். அவள் நழுவி அப்பாவிடம் ஓடி, கையை வேகமாக அசைத்தாள். அப்பாவின் முகம் மாறியது.

"என்னப்பா அது? என்ன பண்றா?"

"ஒண்ணுமில்ல விடு."

"சொல்லுங்கப்பா."

"உங்கிட்ட சொல்லச் சொல்றா. தாடையை விடணுமாம். எப்பவும் வலிக்குதாம்."

என் மகள் முதன்முதலாக என்னிடம் சொன்னது அதுதான். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா வெளியே நின்று, "அழுது முடிச்சிட்டு வா, சோறு ஆறுது" என்றார். அதற்குப் பிறகு அவள் தாடையை நான் தொடவில்லை.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஊரின் மறுகோடியில் இருந்தது. ஒரு ட்ராம், பிறகு ஒரு வேன், பிறகு பத்து நிமிட நடை. பெண் குழந்தையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று மெத்ஹத் போனில் இழுத்தார். "நீ குவைத்துல இருந்து அனுப்ப வேணாம் மாப்ள, நான் இங்கிருந்து கூட்டிப் போறேன்" என்று அப்பா போனை வைத்துவிட்டார். பதினொரு வருடம் கூட்டிப் போனார். மழையில் கடலே ரோட்டுக்கு ஏறிவந்த குளிர்காலங்களிலும் போனார். பள்ளி விடும்வரை எதிரில் ஒரு இஸ்திரிக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். கடைக்காரர் சாப்பிடப் போகும்போது இவரே நாலு சட்டை தேய்ப்பார்.

முதல் வருடம் பள்ளியில் ஒரு டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். ரிஹாம் எதைச் சொன்னாலும் வலது கையின் கடைசி இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டே சொல்கிறாள், பாதிச் சொற்கள் குழம்புகின்றன, எவ்வளவு திருத்தியும் கேட்கவில்லை என்றார். அப்பா தன் கையை மேசைமேல் வைத்தார். டீச்சர் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க உஸ்தா. எனக்குத் தெரியாது."

"நீங்க ஏம்மா மன்னிப்புக் கேக்குறீங்க? நல்லாத் திருத்துங்க. எங்கிட்ட இல்லாததை அவ ஏன் மடக்கணும்?"

பள்ளியில் விரித்துப் பேசப் பழகினாள். தாத்தாவிடம் பேசும்போது மட்டும் அந்த இரண்டு விரலும் தானாக மடங்கிவிடும்.

என் குற்றத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்த மொழியை ஒழுங்காகக் கற்கவில்லை. சாப்பிடு, தூங்கு, வா, போ, எங்கே வலிக்கிறது — இவ்வளவுதான் தெரியும். மற்றதற்கெல்லாம் நடுவில் அப்பா இருந்தார். நான் வாயால் சொல்வேன், அவர் கையால் சொல்வார். அவள் கையால் சொல்வாள், அவர் வாயால் சொல்வார். "நான் போயிட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்பார். "நீங்க எங்க போகப் போறீங்க? உங்களை உயிர் வாங்குற வானவர்கூட வண்டியில ஏத்த மாட்டாரு, நீங்களே ஓட்டணும்னு சத்தம் போடுவீங்க" என்பேன். சிரித்துவிடுவார். ஆபீஸ், சமையல், துணி என்று எனக்குச் சாக்கு எப்போதும் இருந்தது.

ரிஹாமுக்குப் பதினாறு வயதான குளிர்காலத்தில் அப்பாவுக்கு நுரையீரலில் சளி கட்டி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துத் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. மதியம் ஒரு அரை மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். மூன்றாம் நாள் நான், அஷ்ரஃப், ரிஹாம் மூவரும் நின்றுகொண்டிருந்தோம். அப்பா கண் விழித்திருந்தார். இரண்டு கையையும் கட்டில் கம்பியில் துணிப்பட்டையால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டுக்குக் கீழே விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன.

ரிஹாம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி வாயைக் காட்டினாள், கட்டுவதைக் காட்டினாள், கண்ணாடிக்கு உள்ளே காட்டினாள். எனக்குத் தெரிந்த கொஞ்சத்திலேயே புரிந்தது. தாத்தா பேசுகிறார். அவர் வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

நான் கதவைத் தட்டினேன். ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"எங்கப்பா கையை அவுத்து விடுங்க. அவர் ஏதோ சொல்றாரு."

"மதாம், அவர் ரொம்பத் துள்ளுறாரு. குழாயைப் பிடுங்கிருவாருன்னுதான் கட்டிருக்கோம். மயக்கத்துல எல்லாரும் அப்படித்தான் கையை ஆட்டுவாங்க."

"அது மயக்கம் இல்ல. பேச்சு. அவருக்குக் கையால பேசத் தெரியும்."

"அவருக்குக் காது கேக்காதா?"

"நல்லாக் கேக்கும்."

நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அஷ்ரஃப் என் கையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, அவங்க வேலையை அவங்க பாக்கட்டும். டாக்டருக்குத் தெரியாததா? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றேன். "அஷ்ரஃப், உனக்கு நாலு வயசுல கக்குவான் இருமல் வந்தப்போ அவர் பதினேழு ராத்திரி உன்னை நெஞ்சுல சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நீ இங்க அஞ்சு நிமிஷம் நில்லு. முடியலைன்னா கீழ போய் டீ குடி."

அவன் போகவில்லை. வாசலுக்கு வந்த காவலாளி என்னை நகரச் சொன்னார். நான் கதவுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். ரிஹாம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, கோட்டும் டையுமாக அஷ்ரஃபும் உட்கார்ந்தான். தபால் ஆபீஸில் பதினெட்டு வருடமாக எத்தனையோ பேர் கத்தியும் காரியம் ஆகாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். கத்தாமல் நகராமல் இருக்கிறவர்களுக்குத்தான் ஆகும். அதனால் நான் கத்தவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னேன். "பெரிய டாக்டரைப் பாக்கணும். ரெண்டு நிமிஷம்."

ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண் டாக்டர் வந்தார். தூக்கமில்லாத கண்கள்.

"யாரும்மா நீங்க? இங்க என்ன போராட்டமா?"

"டாக்டர், உங்க வாயை மூடிக் கட்டிப் படுக்க வச்சா நீங்க துள்ள மாட்டீங்களா? ஒரு கையை மட்டும் அவுங்க. எம் பொண்ணு பக்கத்துல நிப்பா. குழாய்கிட்ட கை போனா நீங்களே மறுபடி கட்டிருங்க, நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுறேன்."

அவர் ரிஹாமைப் பார்த்தார். ரிஹாம் எழுந்து நின்று, கையை உயர்த்தி, ஒரு விரலைக் காட்டினாள். ஒரே ஒரு கை. அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பாஷை தெரிய வேண்டியதில்லை.

"அஞ்சு நிமிஷம். பொண்ணும் நீங்களும் மட்டும்" என்றார் டாக்டர்.

கவுன் மாட்டி உள்ளே போனோம். நர்ஸ் வலது கைப் பட்டையை அவிழ்த்தாள். குழாய்க்கும் அந்தக் கைக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டாள். அப்பாவின் கை குழாய்ப் பக்கம் போகவேயில்லை. ரிஹாமைப் பார்த்ததும் அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. பிறகு மூன்று விரலும் மெதுவாக வேலை செய்ய ஆரம்பித்தன. ரிஹாம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். டாக்டரின் பையிலிருந்து பேனாவைத் தானே எடுத்து, எக்ஸ்ரே உறையின் பின்புறம் எழுதினாள். டாக்டர் சத்தமாகப் படித்தார்.

"இடது கால். முழங்காலுக்குக் கீழ, பின்பக்கம். நெருப்பு மாதிரி எரியுது. நேத்து காலையில இருந்து. சொல்லிக்கிட்டே இருக்கேன், எல்லாரும் நெஞ்சையே பாக்குறாங்க."

டாக்டர் போர்வையை விலக்கினார். இடது கெண்டைக்கால் வலதைப்போல ஒன்றரை மடங்கு வீங்கிச் சிவந்திருந்தது. அவர் முகத்திலிருந்த தூக்கம் ஒரே நொடியில் போய்விட்டது. நர்ஸிடம் வேகமாக ஏதேதோ சொன்னார். ரத்தம் காலில் கட்டியிருக்கிறது, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் அன்று இரவைத் தாண்டியிருக்க மாட்டார் என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

அவர்கள் ஊசி தயார் செய்யும்போது அப்பா இன்னொன்றும் சொன்னார். ரிஹாம் அதை எழுதவில்லை. என்னைப் பார்த்து, எனக்குத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து, நிதானமாகச் சொன்னாள். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்கிறார்.

அதற்குப் பிறகு அவர் கையை யாரும் கட்டவில்லை. ரிஹாமுக்கு ஒரு அனுமதிச் சீட்டு கிடைத்தது. பன்னிரண்டு நாள் பள்ளிக்குப் போகாமல் காலையிலிருந்து மாலைவரை அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றாள். முதுகு சொறியச் சொன்னதும், தலையணை உயரமாக இருக்கிறது என்றதும், பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையைப் பற்றிக் குறை சொன்னதும் அவள் வழியாகத்தான் வெளியே வந்தன. அந்தக் குறட்டை விஷயத்தை எழுதிக் காட்டியபோது நர்ஸ்கள் சிரித்த சிரிப்பில் டாக்டர் வந்து அதட்டினார்.

அப்பா குழாயிலிருந்து விடுபட்டு வீட்டுக்கு வந்தார். குரல் மட்டும் திரும்பவில்லை. ட்ராம் மணியைத் தோற்கடித்த அந்தத் தொண்டையில் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றை வைத்தே என் காதோரம் கிசுகிசுத்து, ரிஹாம் சொல்வதை எனக்குச் சொல்லிவந்தார். அதற்காக அவர் ஒரு நாளும் புலம்பி நான் பார்க்கவில்லை. நடக்க முடிந்த முதல் வாரமே ரிஹாமை இழுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனார். குழாய் போட்டவர்கள் கேட்கக்கூடிய இருபது விஷயங்களை அவள் ஒரு அட்டையில் கை கையாக வரைந்திருந்தாள்: வலி, தாகம், குளிர், திருப்பிப் படுக்க வை. தலைமை நர்ஸ் முதலில், அனுமதி இல்லை, சுவரில் எதையும் ஒட்டக் கூடாது என்றார். அப்பா மறு வாரம் போனார். அதற்கு மறு வாரமும் போனார். குரல் இல்லாத மனிதரை எத்தனை முறை விரட்டுவது? அட்டை சுவரில் ஏறியது. ஒவ்வொரு செவ்வாயும் ரிஹாம் நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அப்பா நோயாளியாக நடித்தார். ரொம்ப நன்றாகவே நடித்தார், சில நாள் உண்மையிலேயே எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் அளவுக்கு.

இன்னும் இரண்டரை வருடம் இருந்தார். மீன் வாங்கி வந்து, சுத்தம் செய்து வைத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார்.

தெருவில் ஷாமியானா போட்டு அவருக்காகக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தபோது நஸீமும் காப்பிக் கடை ஆட்களும் வந்தார்கள். முப்பது பேருக்குமேல் இருக்கும். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அஷ்ரஃப் வாசலில் நின்று எல்லோருடைய கையையும் குலுக்கி, துக்கத்துக்கு வந்தவர்கள் வழக்கப்படி சொல்லும் "மிச்ச ஆயுசு உங்களுக்கு" என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். காப்பிக் கடை ஆட்கள் வாயால் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக அவன் முன்னால் நின்று, முன்கையை மேலே நிமிர்த்தி, மூன்று விரலால் தலைக்கு மேலே ஒரு கம்பியைத் தொடுவதுபோலத் தொட்டார்கள். மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் ட்ராமின் தடி. கடையில் அப்பாவுக்கு அதுதான் பெயர். அஷ்ரஃப் புரியாமல் திணறினான். பத்தாவது ஆள் வந்தபோது அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. தானும் கையை உயர்த்தி அதையே திருப்பிச் செய்தான்.

நாற்பதாம் நாளில் அவன் படித்த காகிதத்தில் இதெல்லாம் இல்லை. எழுத வரவில்லை அக்கா என்று பிறகு ஒப்புக்கொண்டான்.

அப்பா போனதும் வீட்டில் நானும் ரிஹாமும் மட்டும். மெத்ஹத் இன்னும் குவைத்தில்தான். நடுவில் ஆள் இல்லை. முதல் வாரம் காகிதத்தில் எழுதிக்கொண்டோம். எட்டாம் நாள் நான் காகிதங்களையெல்லாம் அள்ளிப் பரண்மேல் போட்டேன். அவள் முன் உட்கார்ந்து, கற்றுக்கொடு என்றேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. விரல் வளையாது, ஞாபகம் நிற்காது. அவள் பொறுமையில்லாத வாத்தியார். தப்பாகச் செய்தால் என் கையைப் பிடித்து மேசையில் அடிப்பாள். ஆபீஸ் இடைவேளையிலும், ட்ராமிலும், அடுப்படியிலும் பழகினேன். ஏழு மாதம் ஆயிற்று.

ஏழாம் மாதம் நாங்கள் முதல் சண்டை போட்டோம். கெய்ரோவில் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் இரண்டு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, போகப் போகிறேன் என்றாள். தனியாகவா, முடியாது என்றேன். அவள் கையை வீசினாள். நானும் வீசினேன். உனக்குப் பிடிவாதம், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்று கையாலேயே கொட்டித் தீர்த்தேன். அவள் அசைவு நின்றது.

"நீ எப்ப என்னைத் திட்டியிருக்க?"

"எப்பவா? தினமும்! பாத்திரம் கழுவாததுக்கு, பரீட்சையில தோத்ததுக்கு, அந்தச் செவப்புச் சட்டைக்கு. நீ உருப்பட மாட்டேன்னுகூடச் சொல்லிருக்கேன்."

"தாத்தா அப்படி எதுவும் சொல்லலையே. அம்மா களைச்சுப் போயிருக்கா, தலையைத் தடவிக் குடுன்னுதான் எப்பவும் சொல்வாரு."

பிறகு எனக்கும் சந்தேகம் வந்தது.

"நான் திட்டினப்போ நீ என்ன பதில் சொல்வ?"

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு சொல்லிக் காட்டினாள். அதில் பாதியை இங்கே எழுத முடியாது.

"எங்கிட்ட 'சரிம்மான்னு சொல்றா'ன்னுதானே சொல்வாரு!" என்று நான் வாய்விட்டே கத்திவிட்டேன். அவளுக்கு என் உதடு புரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து இவளுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு இவ்வளவு வாய் என்று அவளுக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் நாங்கள் ஏற்றிவிட்ட எவ்வளவு சாமானை அவர் நடுவழியிலேயே இறக்கி வைத்திருக்கிறார்! சிரித்தோமா அழுதோமா என்று சொல்ல முடியவில்லை. அன்று முழுக்க ஒன்றொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பெருநாளன்று நீ உண்மையில் என்ன சொன்னாய்? நீ என்ன சொன்னாய்?

மறுநாள் காலை அவளை எழுப்பி, கெய்ரோவைப் பற்றி மறுபடி பேச வேண்டும் என்றேன். சண்டைக்குத் தயாராக எழுந்து உட்கார்ந்தாள். போ என்றேன். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வர வேண்டும், தினமும் போனில் முகம் காட்டிப் பேச வேண்டும், எதையும் இனிப்புத் தடவாமல் சொல்ல வேண்டும். நானும் அப்படியே சொல்வேன்.

அவள் மூன்றாவதற்கு மட்டும் யோசித்தாள். பிறகு, சரி என்றாள். சொல்லிவிட்டு, நேற்று நான் செய்த கையசைவுகளில் நாலு தப்பு இருந்தது என்று ஆரம்பித்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் தப்பு எது என்று கேட்டேன்.